ஓரப்பார்வையில் ஒரு வெடிப்பு

2017 ஆகஸ்ட் 17 அன்று நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோளில் சுமார் இரண்டு விநாடி நீடித்த காமா கதிர் வெடிப்பு ஒன்று பதிவானது. தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபெர்மியின் வெடிப்புக் கருவி படம் எடுக்காது. வெவ்வேறு திசை நோக்கிப் பொருத்திய 14 படிகங்கள் காமா கதிர் பட்டால் மினுங்கும். எப்போது, எவ்வளவு ஆற்றலோடு என்று குறித்துக்கொள்ளும். எந்தப் படிகம் அதிகம் மினுங்கியது என்பதை வைத்துத்தான் திசையைக் கணிக்க வேண்டும். அப்படிக் கணித்த வான்பரப்பில் ஐயாயிரம் முழுநிலாக்களை அடுக்கலாம். பட்டியலில் இன்னொரு வரியாகப் போயிருக்கும் இதைத் தூக்கி நிறுத்தியது, 1.7 விநாடிக்கு முன் லைகோ ஆய்வகம் பிடித்த ஈர்ப்பலை. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்த அதிர்வு அது.

தற்செயலாக ஒன்றாக வந்திருக்கலாமே? இதுபோல் சில விநாடிகளில் முடியும் குறுவெடிப்புகளை ஆண்டுக்குச் சுமார் நாற்பது மட்டுமே ஃபெர்மி காண்கிறது. அவற்றில் ஒன்று இதே நொடியில், இதே திசையில் விழும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்று. கருவிக் கோளாறும் இல்லை. ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோளும் அதே கணத்தில் அதைக் கண்டது. வேண்டாத கதிர்களை விலக்க வைத்த கவசம்தான் அங்கே சாட்சியானது என்பது தனி வேடிக்கை.

வலுவான ஆட்சேபம் வேறு. மோதல் நடந்த என்ஜிசி 4993 விண்மீன் மண்டலம் 13 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது. தொலைவு தெரிந்த குறுவெடிப்புகளில் இதுவே மிக அருகில் நடந்தது. கண்ணைப் பறித்திருக்க வேண்டும். வெளிப்பட்டதோ வழக்கத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த ஆற்றல். அப்படியானால் இது வேறு சாதியா? மங்கலையே தடயமாகக் கொள்ள வேண்டும் என்பேன். குறுவெடிப்பின் ஆற்றல் ஒடுங்கிய தாரையாகப் பாய்கிறது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு வெளிச்சம் குறைவுதான். தாரை வெளியே வராமலே மூச்சடங்கி, மோதலில் தெறித்த சிதறல்களை ஒரு குமிழாக ஊதிவிட்டது என்று வாதிட்டவர்களும் உண்டு. காமா பதிவு மட்டும் இருந்தால் அவர்களை மறுக்க முடியாது. ஆனால் மோதலுக்குப் பின் 75ஆம் நாளுக்கும் 230ஆம் நாளுக்கும் இடையே, ரேடியோ தொலைநோக்கிகளில் தெரிந்த மோதலின் ஒளிப்புள்ளி நகர்ந்தது, ஒளியைப் போல நான்கு மடங்கு வேகத்தில் போவதாகத் தோற்றம் காட்டியபடி. பரவலாக வீங்கும் குமிழுக்கு அது கூடாது. ஏறக்குறைய ஒளி வேகத்தில், நம் பார்வைக்கோட்டிலிருந்து 20 பாகை அளவில் விலகிப் பாயும் ஒடுங்கிய தாரைக்குத்தான் அந்த மாயத் தோற்றம் வரும்.

தாரை வெளிவந்தது உறுதி. நாம் பெற்ற காமா கதிர்கள் அதன் விளிம்பிலிருந்து வந்தவையா, சிதறல்களை அது பிளந்துகொண்டு வெளியேறிய அதிர்விலிருந்தா என்ற வழக்கு மட்டும் முடியவில்லை. இதற்கிடையே பழைய பதிவுகளும் மறுவிசாரணைக்கு வந்தன. 2015 ஜனவரி 1இன் குறுவெடிப்பும் இதே ரகம் என 2018இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்.