எதிர்மின்னியும் எதிர்த்துகளும்: துகள் மோதுவி ஆய்வில் ஒரு கலைச்சொற் சிக்கல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகள் நிலத்தின் மேற்பரப்பிலேயே காணக் கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் ஊர்ப்பெயர்களாலேயே பாறைத் தொகுதிகளை வகுத்தார். எந்நாட்டு நிலவியலாரும் 'அரியலூர்த் தொகுதி' என்றால் மயங்குவதில்லை. இத்தகைய தெளிவு, அம்மாவட்டங்களில் தமிழ்வழியில் இயற்பியல் பயிலும் மாணவருக்குத் துகள் இயற்பியற் சொற்களில் கிட்டுவதில்லை. 'எதிர்' என்னும் முன்னொட்டு இதற்குத் தக்க சான்று.

தமிழகப் பாடநூல்கள் எலக்ட்ரான் என்று ஒலிபெயர்க்கின்றன. ஈழ வழக்கு இலத்திரன் என்பது. தனித்தமிழ் ஆக்கங்களில் எலக்ட்ரான் எதிர்மின்னி, புரோட்டான் நேர்மின்னி, நியூட்ரான் நொதுமி. 1932இல் கார்ல் ஆண்டர்சன் முகிற்கலத்தில் கண்டறிந்த பாசிட்ரான், எலக்ட்ரானின் நிறையையும் நேர்மின்னூட்டத்தையும் உடையது. நேர்மின்னி என்னும் பெயர் அதற்கே இயல்பாகப் பொருந்தும். ஆனால் அப்பெயர் புரோட்டானுக்கு உரியதாகிவிட்டது. ஆகவே 'எதிர்மின்னியின் எதிர்த்துகள்' என்று விளக்க நேர்கிறது. முதல் 'எதிர்' மின்னூட்டத்தின் குறியைச் சுட்டுகிறது. அடுத்தது துகளுக்கும் அதன் மாற்றிணைக்கும் உள்ள உறவைச் சுட்டுகிறது.

இவ்விரு துகள்களையும் மோதவிடும் கருவிகளின் வரலாறு, இத்தாலியின் ஃப்ராஸ்காட்டியில் புரூனோ டவ்ஷெக் முன்மொழிந்து 1961இல் இயங்கத் தொடங்கிய 'ஆடா'விலிருந்து தொடங்குகிறது. நிறை ஒத்து மின்னூட்டம் மாறுபடுவதால், ஒரே காந்த வளையத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சுழல இயலும். புரோட்டானைப் போல உட்கூறுகள் உடையவையாக இவை அறியப்படாமையால் மோதலின் தொடக்க ஆற்றலைத் துல்லியமாக அறியலாம். செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய 27 கி.மீ. சுற்றளவுள்ள 'லெப்' மோதுவி, எடை குறைந்த நியூட்ரினோ வகைகள் மூன்றே என நிறுவியமைக்கு இத்துல்லியமே துணைநின்றது.

சிக்கல் முழுமையாக வெளிப்படும் இடம் ஜப்பானின் சுகுபாவில் நடைபெறும் 'பெல் 2' ஆய்வு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இதில் பங்குகொள்கிறது. அங்கு 700 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் 400 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய பாசிட்ரான்களோடு மோதுகின்றன. மோதலில் பி மேசானும் எதிர் பி மேசானும் இணையாகத் தோன்றுகின்றன. அவற்றின் சராசரி வாழ்நாள், நொடியை இலட்சங்கோடிக் கூறாக்கினால் ஏறத்தாழ ஒன்றரைக் கூறு. ஆற்றல்கள் சமமற்றிருப்பதால் அவை சிதையுமுன் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர் முன்னோக்கி நகர்கின்றன. சிதைவிடங்களின் இடைவெளியே காலவேறுபாட்டுக்கு அளவுகோலாகிறது. காரைக் களிமண்ணில் எஞ்சிய பதிவைக் கொண்டு அம்மோனைட்டு என்னும் உயிரியை உய்த்துணர்வது போல, இங்கும் மறைந்த துகள் அதன் தடங்களாலேயே அறியப்படுகிறது.

இம்மேசான்களுள் மின்னூட்டமற்ற வகையே இங்கு முதன்மையானது. அதற்கும் எதிர்த்துகள் உண்டு. எதிர்த்துகளுக்கும் மின்னூட்டம் இல்லை. இரண்டும் சிதையும் முறை வேறுபடுவதை 2001இல் 'பெல்', 'பாபர்' ஆய்வுக் குழுக்கள் நிறுவின. அதனை முன்னறிந்த கோட்பாட்டுக்காகக் கோபயாஷி, மஸ்கவா ஆகியோர் 2008இல் நோபல் பரிசு பெற்றனர். 'எதிர்' என்பதை மின்னூட்டக் குறியாகவே பயின்ற மாணவர்க்கு 'மின்னூட்டமற்ற எதிர்த்துகள்' முரண்தொடராகவே தோன்றும். கண்டுபிடிப்பின் உட்பொருளே இதனால் நழுவுகிறது.

ஈழத் தமிழ்ப் பாடநூல் மரபு மின்னூட்டத்தை 'நேரேற்றம்', 'மறையேற்றம்' எனப் பிரிக்கிறது. 'மறை' குறியையும் 'எதிர்' மாற்றிணையையும் சுட்டுமாறு வரையறுத்தால் மயக்கம் நீங்கும். எதிர்மின்னி என்னும் ஆக்கத்தைக் கைவிட நேரினும் அவ்விழப்பு சிறிதே. பாசிட்ரானை 'எதிர் எலக்ட்ரான்' எனவும் அப்போது ஐயமின்றி வழங்கலாம்.