சலாதுக்கு ஒரு தயிர்க் கலவை

பச்சைக் காய்கறிகளை உண்ணுதல் உடலுக்கு நன்று என்பதை மறுப்பார் நம் வீடுகளில் எவருமிலர். ஆயினும் விரும்பி உண்பார் சிலரே. கரட்டையும் வெள்ளரிக்காயையும் தக்காளியையும் அழகாக வெட்டித் தட்டிலே பரப்பி வைத்தாலும், பிள்ளைகள் அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றையும் கறியையும் மட்டும் உண்டு எழுந்துவிடுகின்றனர். பெற்றோர் கண்டிக்கின்றனர். அதற்கு அஞ்சிப் பிள்ளைகள் இரண்டு துண்டுகளை மென்று விழுங்குகின்றனர். மறுநாளும் அதே கதைதான். இதிலே காய்கறியின்மீது குற்றமில்லை. அதனோடு சேர வேண்டிய துணை சேராமையே குற்றம்.

மேனாட்டார் அத்துணையை நன்கறிவர். தடிப்பும் வழவழப்பும் இளம் புளிப்பும் உடைய வெண்ணிறக் கலவை ஒன்றைச் சலாதின்மேல் ஊற்றி உண்பது அவர் வழக்கம். அவற்றுள் பெயர் பெற்றது மயோனேஸ். இன்று அது போத்தல்களில் அடைக்கப்பட்டு நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதிலே முட்டை உண்டு. மரக்கறி உணவினர் அதனைத் தொடார். விலையும் சிறிதன்று. 2022ஆம் ஆண்டிலே இந்நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடியின்போது, பிற நாட்டுப் பண்டங்களையே நம்பியிருந்த அடுக்களைகள் எவ்வளவு இடர்ப்பட்டன என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே, நம்மிடமுள்ள தயிரையும் எண்ணெயையும் தேசிக்காயையும் கொண்டே அத்தகைய கலவையொன்றை ஆக்கும் வகையை இங்கே காண்போம்.

கொழுப்பு எதற்கு?

'காய்கறியை வெறுமனே உண்டாலென்ன? எண்ணெய் எதற்கு?' எனச் சிலர் வினவக்கூடும். கரட், தக்காளி, கீரை ஆகியவற்றுக்கு நிறமளிக்கும் கரட்டினொயிட்டுகள் நீரிலே கரைவதில்லை, கொழுப்பிலேதான் கரையும். அவற்றுள் ஒன்றாகிய பீற்றா கரட்டீனை நம் உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றது. அந்த விற்றமின் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும்.

அமெரிக்க நாட்டிலே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதுபற்றி நடத்திய ஆராய்ச்சியொன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொழுப்பே இல்லாத கலவையோடு சலாது உண்டபோது கரட்டினொயிட்டுகள் இரத்தத்திலே ஏறக்குறையச் சேரவேயில்லை. கொழுப்புக் குறைந்த கலவையோடு உண்டபோது ஓரளவு சேர்ந்தன. கொழுப்பு நிறைந்த கலவையோடு உண்டபோது அதனினும் மிகுதியாகச் சேர்ந்தன. ஆராயப்பட்டோர் தொகை சிறிதெனினும், அது காட்டும் உண்மை பெரிது. கொழுப்பை முற்றாக விலக்கிப் பச்சைக் கரட்டை உண்ணும் பிள்ளை, அதன் பயனிற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது.

அளவுக்கு மிஞ்சினாலும் தீங்குதான். அமெரிக்க உணவு விதிகளின்படி, மயோனேஸ் என்னும் பெயரைப் பெறுவதற்கு ஒரு பொருளின் நிறையில் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாது தாவர எண்ணெய் இருத்தல் வேண்டும். எனவே அதில் ஒரு மேசைக்கரண்டி உண்பவர் ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பை உண்கின்றார். நாம் சொல்லப்போகும் கலவையில் அதே அளவுக்கு ஏறக்குறைய 4 கிராமே சேரும்.

எண்ணெயும் நீரும்

எண்ணெயும் நீரும் ஒன்று சேரா என்பது யாவரும் அறிந்ததே. இரண்டையும் ஒரு போத்தலில் இட்டுக் குலுக்கினால் சிறிது நேரம் கலங்கி நின்று, பின் பிரிந்துவிடும். அவ்வாறு பிரியாதிருக்க ஓர் இணக்குவிப்போன் வேண்டும். எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் ஓர் உறையாற் போர்த்துவிட்டால், துளிகள் ஒன்றோடொன்று கூடமாட்டா. இவ்வாறமைந்த கலவையைப் பால்மம் என்பர். பாலும் தேங்காய்ப்பாலும் இயற்கை தந்த பால்மங்களே. மஞ்சள் நிற எண்ணெய் பால்மமானதும் வெளிறித் தோன்றுவது ஏன்? எண்ணற்ற நுண்துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்வதனாலேயாம்.

மயோனேசிலே இந்த இணக்குந் தொழிலைச் செய்வது முட்டை மஞ்சட்கருவிலுள்ள லெசிதின் முதலிய பொருள்கள். மஞ்சட்கருவிலிருந்து அதனைப் பிரித்தெடுத்த பிரெஞ்சு இரசாயன அறிஞர் கொப்லே என்பவர், 1850ஆம் ஆண்டில் அப்பெயரை அதற்குச் சூட்டினார். முட்டையை நீக்கிய நாம் அதன் தொழிலை எதனிடம் ஒப்படைப்பது? தயிரின் புரதமும் கடுகும் அதனை ஏற்கும். கடுகின் தோலிலுள்ள பசைப்பொருள், எண்ணெய்த் துளிகள் பிரியாது நிற்க உதவுகின்றது.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரு சிறு போத்தல்களில் ஒரே அளவு நீரும் எண்ணெயும் விட்டு, ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி கடுகுத் தூள் சேர்த்து, இரண்டையும் நன்றாகக் குலுக்கி வைக்குக. எது பிந்திப் பிரிகின்றது என்பதைக் கண்ணாலே காணலாம்.

செய்யும் முறை

வேண்டிய பொருள்கள்: எருமைத் தயிர் 1 கோப்பை, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 1 மேசைக்கரண்டி, கடுகுத் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, மிளகு தூள் சிறிது. எண்ணெய் மணம் குறைந்ததாயிருத்தல் நன்று. நல்லெண்ணெய் மணத்தை விரும்புவோர் அதனையே கொள்ளலாம்.

தயிரைச் சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணியிற் கட்டி, இரண்டு மணி நேரம் குளிர்ந்த இடத்திலே தொங்கவிடுக. நீர் வடிந்து தயிர் இறுகும். பசுப்பாலிலும் எருமைப்பாலிற் கொழுப்பு மிகுதியாதலின், எருமைத் தயிரே தடிப்பான கலவையைத் தரும்.

கடுகுத் தூளை ஒரு தேக்கரண்டி குளிர்ந்த நீரிலே குழைத்துப் பத்து நிமிடம் விடுக. கடுகின் காரம் நீர் பட்ட பின்னரே பிறக்கின்றது. வெந்நீரோ புளியோ முன்னதாகப் பட்டால் அக்காரம் எழாது. பின்னர் அதனோடு உப்பு, சீனி, மிளகு தூள் ஆகியவற்றையும் இறுகிய தயிரில் ஒரு மேசைக்கரண்டியையும் சேர்த்து நன்றாக அடிக்குக.

இனி எண்ணெயைச் சேர்த்தல் வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை. முதலிலே துளித் துளியாகவும், கலவை தடித்த பின்னர் மெல்லிய நூல் போலவும் எண்ணெயை விட்டு, இடைவிடாது அடித்தல் வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால், துளிகள் போர்வை பெறுமுன்னரே கூடிப் பிரிந்துவிடும். பிரிந்தாலும் வீசிவிட வேண்டியதில்லை. வேறொரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி தயிரை எடுத்து, பிரிந்த கலவையை அதனுட் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்தால் மீண்டும் கூடும். இறுதியாக எஞ்சிய தயிரையும் தேசிக்காய்ப் புளியையும் கலந்துகொள்ளுக. பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்தால் நம் நாவுக்கு ஏற்ற சுவை அமையும்.

பாலுணவை விலக்குவோர் தேங்காயின் முதற்பாலைக் கொள்ளலாம். ஆனால் புளியை உண்ணும் வேளையிலேயே சேர்த்தல் வேண்டும். புளி பட்டால் தேங்காய்ப்பாலின் புரதம் திரளும். சூடும் சேர்ந்தால் விரைவிலே பிரியும். சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே நம் தாய்மார் தேசிக்காய் பிழிவதன் காரணமும் இதுவே. நூலறிவின்றியே அவர்கள் கண்ட விஞ்ஞானம் அது.

கவனிக்க வேண்டியவை

முட்டை உண்போர் மயோனேசை வீட்டிலே செய்ய விரும்பினால், பச்சை முட்டையில் சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருத்தல் கூடும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். குழந்தைகள், முதியோர், கருவுற்ற மகளிர், நோயாளர் ஆகியோருக்குப் பச்சை முட்டை சேர்ந்ததைக் கொடுத்தலாகாது. தயிர்க் கலவையில் இவ்வச்சம் இல்லை. எனினும் நம் நாட்டு வெப்பத்திலே அதனை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைத்தலும் தகாது. மூடிய கண்ணாடிப் பாத்திரத்திலே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் உண்டு முடித்தல் நலம். பச்சையாக உண்ணும் காய்களையும் இலைகளையும் நன்றாகக் கழுவி, நீரை முற்றாக வடித்த பின்னரே கலவையைச் சேர்க்குக. ஈரம் இருந்தால் கலவை இலையிற் பற்றாது வழிந்துவிடும்.

கலவையை அடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள். ஒருவர் எண்ணெயைத் துளித் துளியாக விட, மற்றொருவர் அடிக்கட்டும். தம் கையால் ஆக்கிய பண்டத்தைச் சுவை பாராது விடும் பிள்ளை அரிது. வகுப்பறையிலே நாம் ஒரு மணி நேரம் விளக்கும் பாடத்தை ஒரு கிண்ணமும் கரண்டியும் சில நிமிடத்திலே விளக்கிவிடும். தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த கரட்டும் அன்று உரிய இடத்தைப் பெறும்.