பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

வானொலி நேர்காணலுக்காகச் சாங்கியில் பாய்மரப் படகோட்டி ஒருவரைச் சந்தித்தேன். “எந்தக் கடல் வரைபடச் செயலி நல்லது, அண்ணே?” என்று கேட்டேன்.

“எதுவானாலும் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியணும், தம்பி,” என்றவர், ஒரு விபத்தைச் சொன்னார்.

2014 நவம்பர் 29. வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்கு விரைந்த ‘வெஸ்டாஸ் விண்ட்’ படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளப்பாறையில் இரவில் மோதியது. ஒன்பது பேரும் உயிர் தப்பினர். அந்தப் பாறைத்திட்டு மின்னியல் வரைபடத்தில் இருந்தது. போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் ஆபத்து தெரியவில்லை.

வெக்டர் வரைபடங்கள் அப்படித்தான். சிறிதாக்கினால், திரை நெரிசலைக் குறைக்கச் சில விவரங்களை மறைத்துவிடும். காகித வரைபடத்தின் படமான ராஸ்டர் வகையில் இப்படி மறைவதில்லை.

மடிக்கணினிக்கு ‘ஓப்பன்சிபிஎன்’ மென்பொருள் இலவசம். வரைபடங்களை நாம்தான் ஏற்ற வேண்டும். கைப்பேசிக்கு ‘நேவியோனிக்ஸ்’ வசதியானது. ஆண்டுச் சந்தா உண்டு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், புறப்படும் முன் வரைபடங்களைப் புதுப்பித்துப் பதிவிறக்குங்கள். கடலில் இணையம் கிடைக்காமல் போகலாம். பாதை முழுவதையும் பெரிதாக்கி, ஒருமுறை விரலால் ‘பயணம்’ செய்யுங்கள். மின்சாரம் போனாலும் கைகொடுக்கக் காகித வரைபடம் ஒன்று படகில் இருக்கட்டும்.

வீடு திரும்பும் பேருந்தில் என் கைப்பேசியில் புலாவ் உபினைத் தேடினேன். பெரிதாக்கினேன்: நீலப் பரப்பெங்கும் ஆழ எண்கள். சிறிதாக்கினேன்: வெறும் நீலம். கடல் மாறவில்லை, நான் பார்த்த விதம்தான் மாறியது.