யுத்தம் ஓய்ந்தபின் கப்பலேறிய கைலி

யுத்தம் முடிந்த மறுநாளே கப்பல் கிளம்பும், பழைய வாடிக்கை திரும்பும் என்று எண்ணுவது இயல்பு. அங்கத்தினர் பலரும் அவ்வாறே எண்ணுவதால், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் நம் கைலி வியாபாரம் மீண்ட வரலாற்றைக் கூற முற்படுகிறோம்.

நம் தறிகளில் நெய்த கைலிகளுக்குப் பர்மா, மலேயா, இலங்கை ஆகியவை நெடுநாளைய சந்தைகள். கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் 'பெலிக்காட்' என்பர். நம் பழவேற்காட்டின் பெயரே அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அத்துடன் அச்சந்தைகள் அடைபட்டன.

1945 செப்டம்பரில் ஜப்பானியர் சிங்கப்பூரில் சரணடைந்தனர். ஆயினும் பினாங்குக் கடலில் கண்ணிவெடிகளை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. கப்பல்களோ படையினரையும் விடுதலையான கைதிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தன. நாகப்பட்டினத்து மக்கள் நன்கறிந்த 'ரஜூலா'வும் யுத்தப் பணிக்குச் சென்ற கப்பலே.

கப்பலைவிடப் பெருந்தடை பணமே. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் அச்சிட்ட நோட்டுகள், வாழைமரப் படம் பொறித்தவை, ஒரே நாளில் வெற்றுக் காகிதமாயின. பழைய மலேயா டாலர் மட்டுமே செல்லுபடியாயிற்று. இருந்த சரக்கையெல்லாம் வாழைமர நோட்டுக்கு விற்ற கடைக்காரரின் பெட்டி நிறைந்திருந்தது, முதலோ இல்லை. யுத்தத்திற்கு முந்தைய கடனை அந்த நோட்டில் செலுத்தியவர் கடன் தீர்த்தவரா என்ற வழக்கும் எழுந்தது. 1948-இல் வந்த சட்டம் தொடக்கக் காலத்தில் செலுத்தியதை ஏற்றுப் பிற்காலத்தில் செலுத்தியதை நோட்டின் மதிப்பிழப்புக்கேற்பக் குறைத்துக் கணக்கிட்டது. அதுவரை எவருக்கு எவர் எவ்வளவு தரவேண்டும் என்பதே தெளிவில்லை. பாக்கி தெரியாதவனுக்குப் புதுச் சரக்கை யார் கடனாக அனுப்புவார்? அங்குள்ள கடைக்காரர் கைவிரித்தால் சென்னை ஏற்றுமதியாளர் கைவிரிப்பார். அவரை நம்பிய உள்ளூர் வியாபாரி பாவு தரமாட்டார். கடைசியில் தறி நிற்கும். போர் ஓய்ந்த நாட்டிலிருந்து ஆர்டர் வரும்போது, விலையைப் பேசுமுன் எந்த நாணயத்தில், எந்தப் பாங்கு மூலம் பணம் வரும் என்று நம் சங்கங்கள் கேட்கவேண்டுமென நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கும் நிலைமை சரியில்லை. நூல் 1943 முதல் கட்டுப்பாட்டில் இருந்தது. 1948 ஜனவரியில் தளர்த்தினர், விலை ஏறவே அவ்வாண்டே மீண்டும் கட்டினர். ஜெர்மன் சாயச் சரக்கு 1939-லேயே நின்றுவிட்டது. சாயம் கழலும் கைலியை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை அக்கடைக்கு வரமாட்டார். ஏற்றுமதி லைசென்ஸ், அன்னியச் செலாவணி விதிகள் ஆகியன 1947-இல் சட்டமாயின.

பிரயாணமும் மாறிற்று. முன்னெல்லாம் மேல்தளச் சீட்டு வாங்கிக் கைலி மூட்டையுடன் கப்பலேறிய சிறு வியாபாரி உண்டு. பர்மா 1947-இலேயே குடிநுழைவுச் சட்டம் செய்தது. மலேயாவின் கடுமையான சட்டம் 1953 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 'ரஜூலா' மீண்டும் இவ்வழியில் ஓடிற்று. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாதவர் மூட்டையை அனுப்பிவிட்டுக் கரையிலேயே நிற்க வேண்டியதாயிற்று.