நேரில் வந்தால் வராத கோளாறு

வீட்டுக் கணினியின் கோளாறுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சரிசெய்யத் தெரிந்தவர் எதிரே இருக்கும்போது அவை தலைகாட்டுவதில்லை. வாரம் முழுக்கத் திரை கறுத்துப்போகும், அணைத்த பெட்டி அணையாமல் உறுமும், சில நாள் தானாகவே நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை மகனோ பேத்தியோ வந்து சுவிட்சைப் போட்டால் சாதுவாக ஓடும். ‘நல்லாத்தானே இருக்கு, நீங்க எதையோ அழுத்தியிருப்பீங்க’ என்ற தீர்ப்போடு விசாரணை முடிந்துவிடும். கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று நீளும் கடலோரத்திலும், உள்ளே திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொள்கிறது. சிறுசேரி தொழில்நுட்பப் பூங்காவில் உட்கார்ந்து வெளிநாட்டு வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவரின் வீட்டில்தான் அப்பாவின் மானிட்டர் மூன்று மாதமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. பஞ்சம் தடயத்துக்குத்தான். கோளாறு நடந்த நிமிடத்தில் எதிரே இருந்தவர் அந்த முதியவர் ஒருவரே. அவர் பார்த்ததைக் கேட்டு வாங்குவதுதான் பழுதுபார்ப்பின் முதல் வேலை. அதைச் செய்யாமல் மவுஸைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறவர், எவ்வளவு படித்திருந்தாலும், குருட்டாம்போக்கில்தான் தேடுகிறார்.

‘திரை வரல’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஆறேழு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மானிட்டரின் சின்ன விளக்கு எரியவே இல்லையென்றால் பிளக்கையும் ஒயரையும் முதலில் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து வந்தால் மானிட்டர் பிழைத்தது. சிபியு என்று வீட்டில் சொல்லும் பெட்டியிலிருந்து படம் வந்து சேரவில்லை. திரை இருட்டாக இருக்கும்போதே விண்டோஸ் எழும் ஓசை கேட்டால் பெட்டியும் நலம்தான், படம் வழியில் எங்கோ தொலைகிறது. டிவியோடு இணைத்து வைத்த லேப்டாப் என்றால், விண்டோஸ் விசையும் ‘பி’ விசையும் கைதவறிச் சேர்ந்து அழுந்தி, படம் இரண்டாவது திரைக்கு மட்டும் போகும்படி ஆகியிருக்கலாம். கறுத்த திரையில் டார்ச் அடித்தால் மங்கலாக எழுத்து தெரிகிறதா? அப்படியானால் பின்விளக்கு போய்விட்டது. படம் முழுக்க மஞ்சளாகவோ ரோஸாகவோ மாறுகிறதென்றால், நீலத் தலையுள்ள பழைய விஜிஏ கேபிள் சரியாகப் பதியவில்லை. அதன் இரண்டு திருகுகளையும் முடுக்காமல் விட்டிருப்பார்கள். படம் பக்கவாட்டில் படுத்துவிட்டால் அது கோளாறே இல்லை. பழைய இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு அம்பு விசை பட்டால் திரை திரும்பும்; அதே இரண்டோடு மேல் அம்பை அழுத்தினால் நிமிர்ந்துவிடும். இத்தனையையும் பிரித்துக் காட்டுபவை என்னென்ன? விளக்கு, ஓசை, நிறம், எழுத்து. ஒன்றுக்கும் கணினிப் படிப்பு தேவையில்லை. கண்ணும் காதும் உள்ள யாரும் சொல்லிவிடலாம், கேட்பதற்கு ஆள் இருந்தால்.

கடலோரத்துக்கென்று தனிப்பட்ட சாட்சியங்களும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் உலோகத்தை அரிப்பதைக் கடற்கரை வீட்டின் ஜன்னல் கம்பியே காட்டிவிடும். அதே காற்றைத்தான் கணினிப் பெட்டியின் விசிறி நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. ராம் பலகையின் தொடுமுனைகள் மங்கினால் கணினி எழும்போது பீப் பீப் என்று கத்தும், திரை வராது. கடைக்காரர் ராமைக் கழற்றி, பள்ளிக்கூடத்து ரப்பரால் முனையைத் தேய்த்துத் திரும்பச் செருகியதும் வந்துவிடும். பார்க்க ஏமாற்று வேலைபோல இருக்கும், ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. ‘மழைக்கு மறுநாள் காலையில வராது, வெயில் ஏறினா வந்துடும்’ என்று ஒரு பாட்டி சொன்னால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும். கூர்ந்து கேட்டால் ஈரம், தொடுமுனை, பவர் சப்ளை என்ற மூன்றை நோக்கி அந்த ஒரு வாக்கியமே விரல் நீட்டுகிறது. ‘முதல் தடவை போட்டா வராது, மூணாவது தடவை வரும்’ என்பதும் அப்படித்தான். வயதான பவர் சப்ளையையோ மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டரையோ சந்தேகிக்க அது போதும்.

அணைப்பதில் வரும் சிக்கலுக்கு வருவோம். இங்கே பெரியவர்கள் பக்கம் இருக்கும் நியாயம் இன்னும் கெட்டியானது. ‘தினமும் ராத்திரி ஆஃப் பண்ணித்தானே வைக்கிறேன், அப்புறமும் ஏன் மெதுவா ஓடுது?’ என்று கேட்பவரிடம் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்று போனில் சொன்னால், இரண்டும் ஒன்றுதானே என்று அவர் குழம்புவார். நியாயமாக ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. கணினி வேகமாக எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியைச் சேர்த்தார்கள். அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்துவைத்த செயலிகள் மூடப்படும்; ஆனால் இயங்குதளத்தின் உள்மையம் அப்படியே வட்டில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழுப்பப்படும். நேற்று தடுமாறிய கிராபிக்ஸ் டிரைவர் இன்றும் அதே தடுமாற்றத்தோடு எழுந்து வரக்கூடும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு பக்கத்தில் ‘அப்டைம்’ என்ற எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒவ்வோர் இரவும் அணைக்கப்பட்ட கணினி, தான் பல நாளாக ஓயாமல் ஓடுவதாகச் சொல்லும். ‘ஆஃப் பண்ணியும் ஆஃப் ஆகல’ என்று புலம்பிய பெரியவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். கண்ட்ரோல் பேனலில் பவர் அமைப்புகளுக்குள் போய் அந்த வசதியையே எடுத்துவிட்டால் இந்த வித்தையும் வேண்டாம். எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். பென்ஷனர் வீட்டில் அந்தச் சில வினாடிக்கு யாரும் தவிக்கப்போவதில்லை.

அணைப்பு என்பது நொடியில் முடிகிற காரியமல்ல என்பதைக் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் கடல்நீர் பம்புகள் இருந்த கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும், அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணினியிலும் திரை முதலில் கறுக்கும். வட்டு எழுதிக்கொண்டும் விசிறி சுற்றிக்கொண்டும் இருக்கும். திரை போனதும் எல்லாம் முடிந்தது என்று சுவரிலிருக்கும் சுவிட்சை அணைத்தால் எழுத்து பாதியில் அறுபடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடும் பழக்கம் டிவி காலத்திலிருந்து வந்தது, நல்ல பழக்கமும்கூட. அதை முட்டாள்தனம் என்று திட்டுவதைவிட, ‘திரையைப் பார்க்காதீங்கப்பா, பெட்டியோட முகப்பு விளக்கு அணைஞ்சதும் சுவிட்சை அணைங்க’ என்று ஒரு அடையாளத்தை மாற்றிக் கொடுத்தால் போதும்.

பெரியவர்களின் வாய்மொழி எதற்கு, கணினியே எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பதிவு செய்வது உண்மைதான். விண்டோஸின் ‘ஈவன்ட் வியூவர்’ தினசரிக் குறிப்பேடுபோல எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது. கணினி தானாக நின்றுபோகிறது என்ற புகாரில் அங்கே பெரும்பாலும் கிடைப்பது ‘கர்னல் பவர் 41’ என்ற பதிவு. முறையாக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. நீலத்திரை விழுந்து நின்றிருந்தால் அதற்கான எண் கூடவே இருக்கலாம். பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தியிருந்தால் அதற்கும் குறிப்பு கிடைக்கலாம். ஆனால் தெருவில் கரெண்ட் போனதா, யூபிஎஸ் கைவிட்டதா, வேலைக்கார அம்மா கூட்டும்போது ஒயரை இழுத்தாரா என்பது அந்தப் பதிவுக்குத் தெரியாது. உயிர் போகிற நொடியில் இயந்திரத்தால் எதையும் எழுத முடியாது, எழுதும் கைக்கும் அதே கரெண்ட்தான். அறைக்குள் நடந்ததை அறையில் இருந்தவர்தான் சொல்ல முடியும்.

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அப்போ லைட் சிமிட்டுச்சா?’ என்பதே. மின்னழுத்தம் கண் இமைக்கும் நேரம் சரிந்தாலும் மேலே சுற்றும் ஃபேன் நிற்காது, விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு எரியும், கணினி மட்டும் செத்துவிடும். அதைத் தடுக்கத்தான் யூபிஎஸ். ஆனால் அதனுள் இருக்கும் ஈய அமில பேட்டரிக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் நல்ல ஆயுள். அதன்பின் பெட்டி இருக்கும், விளக்கு எரியும், தாங்கும் சக்தி இருக்காது. வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பல இன்வெர்ட்டர்களில் ‘யூபிஎஸ்’ என்றும் ‘எக்கோ’ அல்லது ‘நார்மல்’ என்றும் குறித்த தேர்வு உண்டு. இரண்டாவதில் இருந்தால், கரெண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி கணினிக்குத் தாங்காது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளுக்கு எல்லாரும் தயாராகிவிடுகிறோம். கணினிகளை மெல்ல அரிப்பவை, பெயரில்லாத சாதாரண மாலைகளில் வரும் இந்தச் சிமிட்டல்கள்.

‘வயசானவங்க கோர்வையா சொல்ல மாட்டாங்க, ஏதோ போச்சு, என்னமோ வந்துச்சுன்னுதான் சொல்வாங்க’ என்ற மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஆனால் பாதிக் குற்றம் கேள்வியில் இருக்கிறது. ‘என்ன எர்ரர் வந்தது?’ என்று கேட்டால் பதில் வராது. ‘மவுஸ் அம்பு தெரிஞ்சுதா, அது நகர்ந்துச்சா?’ என்று கேட்டால் தெளிவாக வரும். அம்பு நகர்ந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. திரை இருந்தும் அம்பு உறைந்தால் வேறு கதை. கண்ணின் பங்கையும் மறக்கக் கூடாது. எழுத்து மங்கல் என்ற புகாருக்குப் பின்னால் கண்புரையும் இருக்கலாம், திரையின் அமைப்பும் இருக்கலாம். எழுத்தைப் பெரிதாக்குவதாக நினைத்து ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டுப் போகும் பேரன்கள் உண்டு. தட்டைத் திரையில் அப்படிச் செய்தால் எழுத்து பெரிதாகும், கூடவே கலங்கும். ரெசல்யூஷனை அப்படியே விட்டு, ஸ்கேல் என்ற அளவை 125 அல்லது 150 சதவீதமாக்க வேண்டும். டிவியில் அந்த எழுத்துகளே தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டால், கண்ணா திரையா என்பது ஓரளவு பிரிந்துவிடும்.

எங்கிருந்தோ கணினிக்குள் நுழைந்து சரிசெய்யும் செயலிகள் இருக்கும்போது இவ்வளவு விசாரணை எதற்கு? திரையே வராத கணினிக்குள் அந்தச் செயலிகளால் நுழைய முடியாது, முதல் பதில் அதுதான். இரண்டாவது பதில் கொஞ்சம் கசப்பானது. எனிடெஸ்க் போன்ற செயலிகளைப் பயன்படுத்திப் பணம் பறிப்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ‘எண்ணைப் படிச்சுச் சொல்லுங்க, அனுமதியை அழுத்துங்க’ என்று மகன் பழக்கிவிட்ட அதே அசைவுகளைத்தான் மோசடிக்காரனும் கேட்பான். திரை முழுக்கச் சிவப்பாகி, ‘வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று அலறும் பக்கம் கோளாறே அல்ல, அது வலை. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. தன் கணினியில் வழக்கமாக என்ன தெரியும் என்று கவனித்துப் பழகிய பெரியவருக்கு இந்த வேற்றுமை சீக்கிரம் உறைக்கும்.

போன் இருக்க இந்தப் பழைய பெட்டி எதற்கு என்போருக்குப் பாதி சம்மதம். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் உயிர்வாழ்ச் சான்றை இப்போது போன் கேமராவில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். மீதிப் பாதிக்குப் பெரிய திரை வேண்டும்: வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம், தமிழில் நாலு பக்கம் எழுதும் ஆசை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பேரப்பிள்ளைகள் வாங்கியவை பல வீடுகளில் தாத்தாக்களின் கைக்கு வந்திருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், உங்கள் கணினி பழையது என்ற அறிவிப்பு இப்போது அடிக்கடி குதிக்கிறது. அது பாதுகாப்பு பற்றிய தனிப் பிரச்சினை. தளர்ந்த கேபிளுக்கும் செத்த பேட்டரிக்கும் அதைக் காரணமாக்கிப் புதுக் கணினி விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. புதுப் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில்தானே செருகப்போகிறோம்?

இந்த வாதத்துக்கு ஒரு எல்லை உண்டு. நினைவு தளரத் தொடங்கியவரிடம் நேற்று நடந்ததைக் கேட்டுத் துருவுவது அவரை நோகடிக்கும், பதிலும் நம்பகமாக இராது. அங்கே நினைவுக்குப் பதில் போன் கேமராவை நம்பலாம். கோளாறு வந்த கணத்தில் எதையும் தொடாமல், முதலில் திரையையும் பிறகு பெட்டியின் விளக்கையும் பத்து வினாடி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். காலை வணக்கப் படத்தைத் தினமும் தவறாமல் அனுப்புகிறவர்களுக்கு அது புதிய வித்தையல்ல. விசிறியின் சத்தம் கேட்கிறதா என்பதைக்கூட அதில் காது கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். ஷட் டவுன் ஆகாத பெட்டி என்றால், கடைசித் திரையில் ‘அப்டேட்’ என்று சதவீதக் கணக்கு ஓடுகிறதா, வெறும் வட்டம் மட்டும் சுற்றுகிறதா என்பதும் தெரியும். கணக்கு ஓடினால் காத்திருக்கச் சொல்லலாம். வெறும் வட்டம் அரை மணி நேரத்துக்கு மேலும் சுற்றினால், பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம்.