போட்டோவைக் கொடுத்தால் எம்ப்ராய்டரி மெஷின் அப்படியே தைத்துவிடுமா?

கல்யாண பிளவுஸில் மயில் வேணும் என்று கஸ்டமர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார். அதை பென்டிரைவில் ஏற்றினால் மெஷின் தைத்துவிடுமா? பெரும்பாலான மெஷின்கள் தைக்காது.

ஏன்?

ஜேபிஜி படம் என்பது வெறும் வண்ணப் புள்ளிகள். மெஷினுக்கோ ஊசி எங்கே இறங்கணும், எப்போது நூல் மாறணும் என்ற கட்டளைதான் புரியும். டிஎஸ்டி, பிஇஎஸ் ஃபைல்களில் இருப்பது அதுதான்.

அப்போ போட்டோஷாப், ஜிம்ப் எதற்கு?

படத்தைச் சுத்தம் செய்ய. பின்னணியை நீக்குங்கள். நிறங்களை ஐந்தாறாகக் குறையுங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு நூல்கண்டு. பொடி எழுத்து, முடி போன்ற கோடுகளை அழித்துவிடுங்கள்.

அடுத்து?

இங்க்ஸ்கேப்பில் படத்தை டிரேஸ் செய்து வெக்டராக்குங்கள். அதில் 'இங்க்/ஸ்டிச்' எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து தையல் வகையைக் கொடுக்கலாம்: மெல்லிய பட்டைக்கு சாட்டின், அகலமான இடத்துக்கு ஃபில். இரண்டு சாஃப்ட்வேரும் இலவசம்.

உஷார்!

ஸ்கிரீனில் அழகாகத் தெரிவது துணியில் சொதப்பலாம். தையல் ரொம்ப நெருக்கமானால் நூல் துணியை இழுத்துச் சுருக்கும், ஊசியும் உடையலாம். பட்டில் விழுந்த ஊசி ஓட்டையை மறைப்பது கஷ்டம். அதனால் அடியில் பேக்கிங் பேப்பர் வைத்து, முதலில் வேஸ்ட் துணியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. கஸ்டமரின் பட்டு பிளவுஸ் பிறகுதான்.