ஜீப் இறங்கும் நேரத்தில் மூளை

இரவு 9 மணிக்கு ஒருவர் ஒரு குவார்ட்டரைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 180 மில்லி. பாட்டிலில் அச்சடித்திருக்கும் வீரியம் 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். மனித ஈரல் இதை மணிக்கு 7, 8 கிராம் வீதம்தான் எரிக்கும். மோர் குடித்தாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தாலும் அந்த வேகம் மாறாது. கணக்குப் போட்டால் 8 மணி நேரம். கடைசித் துளி தீரும்போது மணி அதிகாலை 5. தேனி மாவட்டத்தில் போடிக்குத் தெற்கே, தேவாரம் சாலையில் இருக்கும் சிலமலையில் அது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்ற ஜீப் வரும் நேரம்.

குவார்ட்டருக்குப் பதிலாக ஆஃப் என்றால் கணக்கு இரட்டிக்கிறது. ரத்தம் சுத்தமாக மறுநாள் மதியம் 1 மணி ஆகும். மலையடிவாரத்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில் போடிமெட்டைக் கடந்து, நிழல் மரத்தில் ஏறிக் கவாத்து வெட்டும்போதும் நேற்றைய சரக்கு அவருக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாள்பட்டுக் குடிப்பவரின் ஈரல் பழக்கத்தால் கொஞ்சம் வேகமாக வேலை செய்யும். ஆனால் அவர் குடிக்கும் அளவும் அதற்கேற்பக் கூடியிருக்கும்.

இப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் நிறுத்துகிறார். சில வாரம் கழித்து அதே ஜீப்பில் மறுபடி ஏறுகிறார். ஊர் பார்ப்பது அவ்வளவுதான். அந்தச் சில வாரங்களில் அவர் உடம்புக்குள் நடக்கும் பழுதுபார்ப்பு வேலை ஓர் அணையைத் திருத்துவதைவிடச் சிக்கலானது என்றால் மிகையில்லை.

முதல் மூன்று நாட்கள் மூளையின் நாட்கள். நரம்பு செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களை நரம்புக் கடத்திகள் என்பார்கள். அவற்றில் காபா என்பது பிரேக். குளூட்டமேட் என்பது ஆக்ஸிலரேட்டர். மது தினமும் பிரேக்கை மிதிக்கிறது. வண்டி நின்றுவிடக்கூடாதே என்று மூளை தன் பக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்திக்கொள்கிறது. பிரேக்கின் பிடியையும் தளர்த்திவிடுகிறது. வருடக்கணக்கில் இப்படி ஓடிய வண்டியில், திடீரென்று மதுவின் கால் மட்டும் எடுபட்டால் என்ன ஆகும்? போடிமெட்டு இறக்கத்தில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி மடக்கு உள்ளே போன 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்கள் தெரிந்து, இடம் காலம் குழம்பும் கடும் நிலையும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நெடுநாள் குடித்தவர் வீராப்பாக வீட்டிலேயே நிறுத்தக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். மருத்துவமனையில் பிரேக்கைப் போலவே வேலை செய்யும் மாத்திரைகளைக் கொடுத்து, அளவை நாளுக்கு நாள் குறைத்து, மூளைக்குச் சமநிலை திரும்ப அவகாசம் தருவார்கள். தேனி கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதற்குத் தொலைவான இடமில்லை.

அங்கே ஒரு சின்ன விஷயம் நடக்கும், பெரும்பாலோர் கவனிப்பதில்லை. "தெம்பே இல்லை, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று குடும்பம் கேட்கும். விவரமான மருத்துவர் முதலில் தயமின் ஊசியைப் போடுவார். தயமின் என்பது வைட்டமின் பி1. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க அது இல்லாமல் முடியாது. உடம்பின் மொத்தக் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். வரவில்லாமல் போனால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சரியாகச் சாப்பிடாத குடிநோயாளிக்கு வரவும் குறைவு. வந்ததைக் குடல் உறிஞ்சுவதையும் மது தடுக்கிறது. இந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி, மூளையில் நிரந்தரச் சேதம் வரலாம். நம் புழுங்கல் அரிசி இந்த பி1 விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு வீணாகாது. ஆனால் குடிப்பவர் அந்தச் சோற்றையும் தொடுவதில்லையே.

ஒரு மாதம் போகிறது. முகம் தெளிகிறது. "இப்பதான் ஆள் நல்லாயிட்டானே, தோட்டத்துக்குப் போகட்டும்" என்கிறது வீடு. உடம்பிலோ ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு நாட்காட்டி. ஈரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி என்ற நொதி ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் போதும். குடித்த காலத்தில் எலும்பு மஜ்ஜை உண்டாக்கிய சிவப்பணுக்கள் அளவில் கொஞ்சம் பெருத்திருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே நிறுத்தி மூன்று மாதம் ஆனவருக்கும் ரத்தப் பரிசோதனையில் பழைய கதை தெரியும். சுருங்கியிருந்த மூளையின் முன்பகுதி, அதாவது "இப்போது வேண்டாம்" என்று யோசித்துச் சொல்லும் பகுதி, முதல் சில வாரங்களிலேயே பருமன் கூடத் தொடங்கிவிடுகிறது. எல்லாவற்றிலும் பின்தங்குவது தூக்கம். ஆழ்ந்த தூக்கம் பழையபடி வரச் சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். நடுச்சாமத்தில் விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடந்தவர்தான் 4 மணிக்கு எழுந்து தூக்குவாளியோடு ஜீப்புக்கு நிற்கிறார். அவர் முகம் சிடுசிடுவென்று இருந்தால் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரலும் ரத்தமும் பலருக்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். மூளை படித்து வைத்திருக்கும் பாடம்தான் வேலைக்குத் திரும்புகிறவரை மடக்குகிறது.

1990-களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் திறந்து காட்டின. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால், டோபமின் என்ற நரம்புக் கடத்தியைச் சுரக்கும் செல்கள் துள்ளும். சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகிவிட்டால், செல்கள் விளக்குக்கே துள்ளும். சாறு வரும்போது பேசாமல் இருக்கும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால்? வழக்கமாக வரும் அந்த நொடியில், செல்களின் சாதாரண இயக்கமே ஒரு கணம் அடங்கிப்போகும். ஏமாற்றத்தைக்கூட மூளை நேரம் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறது.

இப்போது மாலை ஜீப் இறங்குவதை யோசியுங்கள். கடைசி வளைவு, முந்தல், போடி பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், கையில் வாரக் கூலி, கூட வந்தவன் தோளில் போடும் கை: எல்லாமே அந்த விளக்குகள். 20 வருடம் இவற்றுக்குப் பின்னால் தவறாமல் சாறு வந்திருக்கிறது. இன்று வரவில்லை. 6 மணிக்கு மனம் காரணமில்லாமல் பள்ளத்தில் விழுவதற்கு அவர் பலவீனமானவராக இருக்கத் தேவையில்லை. மூளை ஒழுங்காக வேலை செய்தாலே போதும். அந்த வேட்கை அலை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்பது ஆறுதல். பசி அதைக் கூட்டும் என்பதால், இறங்கியதும் ஒரு டீயும் இரண்டு பருப்பு வடையும் கைகொடுக்கும்.

மருத்துவமனையில் இருந்த 20 நாளும் ஆசையே வரவில்லை, வீட்டுக்கு வந்ததும் வந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். பொய்யில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் எலிகளிடம் இதைக் காட்டினார். ஒரு கூண்டில் கற்ற பழக்கத்தை வேறொரு கூண்டில் மறக்க வைத்து, மறுபடி முதல் கூண்டில் விட்டால் பழக்கம் திரும்பி வருகிறது. பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதுப் பாடம் எழுதப்படுகிறது, அந்தப் புதுப் பாடம் எழுதிய இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இதன் மறுபக்கத்தை வியட்நாம் போர் காட்டியது. அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை, 1971-இல் ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அவர்களுடைய கூண்டு கடலுக்கு அப்பால் தங்கிவிட்டது. சிலமலைக்காரருக்கு அந்த வசதி கிடையாது; கூண்டு தினமும் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அபாரமான ஏற்பாடு இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்வது. குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பாதையிலிருக்கும் தேனி மாவட்டத்தில் இதை விளக்க வேண்டாம். அதே ஜீப், அதே தோட்டம், அதே கூலி. ஆனால் கழுத்தில் துளசி மணி, உடம்பில் கறுப்பு வேட்டி, வாயைத் திறந்தால் எல்லோரும் "சாமி" என்கிறார்கள். கட்டிங் போட யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கூப்பிட்டவனுக்குத்தான் அவமானம். கூண்டை மாற்ற முடியாதபோது, அதற்குள் இருக்கும் விளக்குகளை ஊரே சேர்ந்து 41 நாள் அணைத்து வைக்கிறது. மாலையைக் கழற்றிய அன்றே விளக்குகள் திரும்ப எரிவதும் இதே கணக்குப்படிதான். என் அபிப்பிராயத்தில், குடியை நிறுத்தி வேலைக்குத் திரும்புகிறவருக்கு அறிவுரையைவிட இந்த மரியாதை ஏற்பாடு அதிகம் உதவும். கடும் குடிநோயாளி மருத்துவரைப் பார்க்காமல் கார்த்திகை முதல் தேதி சட்டென்று நிறுத்துவது மட்டும் ஆபத்து. நடுக்கமும் வலிப்பும் விரதம் என்று பார்க்காது.

வேலைத்தலத்துக்கும் குடிக்கும் உள்ள உறவில் பிறந்த ஒரு மருந்தும் உண்டு. அமெரிக்காவில் ஒரு ரப்பர் தொழிற்சாலை மருத்துவர், அங்கே புழங்கிய ஒரு கந்தகச் சேர்மத்தோடு வேலை செய்பவர்களால் மது தொட முடியவில்லை என்று 1937-இல் எழுதினார். அந்தச் சேர்மத்தின் பெயர் திரம். ஆம், விதை நேர்த்திக்கு உழவர்கள் வாங்கும் அதே பூஞ்சாணக்கொல்லி. பத்தாண்டு கழித்து அதன் நெருங்கிய உறவான டைசல்ஃபிரமை டென்மார்க்கில் எரிக் யாகப்சனும் யென்ஸ் ஹால்டும் குடிநோய்க்கு மருந்தாக்கினார்கள். ஈரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக்கி, பிறகு அதை உடைக்கிறது. இந்த மாத்திரை இரண்டாவது படியைப் பூட்டிவிடும். மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். பூட்டிய நொதியைத் திறக்க முடியாது. உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை எச்சரிக்கை தேவைப்படுவது இதனால்தான். இருமல் மருந்திலோ, புளித்துத் தானாகவே ஆல்கஹால் உண்டாகும் அரிஷ்டத்திலோகூட வினை வரலாம். சில வீடுகளில் அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிறார்கள். அன்பில் செய்வதுதான், ஆனால் உயிரோடு விளையாட்டு. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால்தான் அது மருந்து.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் நடத்திச் சிகிச்சை தந்தது. நோயாளியை நகரத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதில் சிகிச்சை ஊருக்கு வந்தது. புதுப் பாடம் பழைய கூண்டுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

வேலையே மருந்தாகுமா என்று 1973-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஹன்ட், அஸ்ரின் என்ற இருவர் சோதித்தார்கள். எட்டுப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னும் எட்டுப் பேருக்கு அதோடு வேலை தேடித் தந்து, குடும்பத்தைச் சேர்த்துவைத்து, குடிக்காத நட்பு வட்டமும் அமைத்தார்கள். அடுத்த மாதங்களில் முதல் குழு குடித்துக் கழித்த நேரம் 79 சதவீதம். இரண்டாம் குழு 14 சதவீதம். ஆட்கள் குறைவு, ஆனால் வித்தியாசம் பெரிது. அதே வழிமுறை பின்னால் பல ஊர்களில் பலன் தந்தது. அவர்கள் அந்த நட்பு வட்டத்துக்கு இடம் தேடியபோது கிடைத்தது மூடிக்கிடந்த ஒரு பழைய மதுக்கடை. அதையே எடுத்து மன்றமாக்கி, சீட்டும் சாப்பாடும் படமுமாகச் சனிக்கிழமை இரவுகளில் நடத்தினார்கள். குடித்துவிட்டு வந்தவரை மட்டும் உள்ளே விடவில்லை.